பூசை மேசையில் இருந்த தங்கக்கொடி

தைனான்
அக்டோபர் 14, செவ்வாய் பிற்பகல்

அன்புள்ள யூ-தாங்,

உன் செடியால்தான் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. இருபத்துநான்கு வருடமாக உயிரியல் பாடம் நடத்துகிறவள் இப்படி எழுதக் கூடாதுதான், ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுத வேண்டும். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் எழுத வேண்டியது, இங்கே நாங்கள் இருவரும் நலம். இந்த வரியை எழுதிவிட்டு, வழக்கத்துக்காக எழுதினேனா, உண்மையாகவே எழுதினேனா என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அப்பாவின் இரத்தத் தட்டணுக்கள் இன்று காலைக் கணக்கில் தொண்ணூற்றாறாயிரம். நாளைக் காலை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீயும் அங்கே கோத்தன்பர்க்கில் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். விமான டிக்கெட் தேடுவதை நிறுத்திவிட்டாய் என்றும் நம்புகிறேன்.

எண்களையெல்லாம் ஃபோனில் சொல்லிவிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்லவில்லை. ஃபோனில் எழுதினால் நீ பாதி படித்துவிட்டு அழுகிற பொம்மை ஒன்றை அனுப்புவாய், அதற்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் நான் ஒரு கட்டைவிரலை அனுப்புவேன். அதனால் தாளில் எழுதுகிறேன். அப்பா கொசுவலைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் குறட்டையைப் பற்றி இருபத்தைந்து வருடமாகக் குறை சொல்லி வந்திருக்கிறேன், இந்த வாரம் சொல்லவில்லை.

நடு இலையுதிர்கால விழா அன்று மாலை தொடங்கியது. உனக்குத் தெரியுமே, நம் சந்து முழுக்க அன்றைக்கு அடுப்புப் புகையாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வீடு இறைச்சி வாட்டிக்கொண்டிருப்பார்கள். அப்பா வழக்கமாக எந்த வீட்டில் சாஸ் கருகுகிறது என்று மூக்கை நீட்டிக்கொண்டு சந்து முனைவரை போய் வருகிறவர். அன்று தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார். தன் சாவிக்கடையில் மின்விசிறி நேராக முகத்தில் அடித்ததால் இருக்கும் என்று காரணமும் அவரே சொன்னார். கண்ணுக்குப் பின்னால் என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ நடுநிலைப் பள்ளியில் படித்தபோது ஊரையே போட்டுப் படுக்க வைத்த அந்தக் காய்ச்சல் வருடத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே இடத்தைத்தான் காட்டினார். மறுநாள் தெருமுனைக் கிளினிக்கில் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள், அட்டையில் இரண்டு கோடு வந்தது. டெங்குதான். டாக்டர் எழுதிக்கொண்டே, முன்னாடி எப்பவாவது வந்திருக்கா என்று கேட்டார். வந்திருக்கு, பத்து வருஷம் ஆச்சு என்றேன். அவருடைய பேனா நின்றது. இந்த நோயில் நான்கு வகை உண்டு, ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை வந்தால் இரண்டாம் தடவைதான் ஆபத்து, இரத்தக் குழாய் கசியும், தட்டணு கீழே இறங்கும். இதை வருடா வருடம் கரும்பலகையில் இரண்டு வரியாக எழுதிப்போடுகிறேன், பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதிக்கொள்கிறார்கள். அன்று அந்த இரண்டு வரிகளோடு நான் ஆம்புலன்சில் போனேன்.

மருத்துவமனையில் போனவுடன் கட்டிலுக்குக் கொசுவலை கட்டிவிட்டார்கள். அப்பாவுக்குச் சூடு முப்பத்தொன்பதரை, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் என்ன வெட்டி வச்ச பழமா, ஈ மொய்க்காம மூடி வைக்கிறதுக்கு?" என்றார். நர்ஸ் அசரவில்லை. "பழமா இருந்தாக்கூடப் பரவாயில்ல மாமா. உங்களக் கடிச்ச கொசு நேரா அடுத்த பெட்டுக்குப் போகும். உள்ளயே இருங்க" என்று ஓரத்தைச் செருகிவிட்டுப் போனாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார், நான் தரவில்லை. ஆனாலும் நான்கு நாள் தள்ளிப்போட்டேன். அதற்கு நீ கோபப்பட்டது நியாயம்தான்.

ஒரு வீட்டில் டெங்கு என்று பதிவானால் மறுநாளே வீட்டைச் சோதிக்க வருவார்கள் என்பது நீ அறிந்ததே. புதன்கிழமை காலை நான் துணி எடுத்துப்போக வீட்டுக்கு வந்த நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். நம் வட்டத் தலைவி சுவாங் அக்கா, சந்தையில் டோஃபு விற்கிற கோ அத்தை, அவர் இப்போது தொண்டராகச் சேர்ந்து டார்ச்சும் மஞ்சள் மேலங்கியுமாக இருக்கிறார், பிறகு சுகாதாரத் துறையிலிருந்து முப்பது முப்பத்திரண்டு வயதில் ஒரு பெண் அதிகாரி. பால்கனி வாளி, குளியலறை, மழைநீர்க் குழாய் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. "டீச்சர் வீடுல்ல, என்ன கிடைக்கப்போவுது" என்று கோ அத்தை டார்ச்சை அணைத்துவிட்டார். அப்போதுதான் அதிகாரி கூடத்தில் நின்று பூசை மேசையை நிமிர்ந்து பார்த்தாள். உன் தங்கக்கொடியை.

நீ போகும்போது அது ஜாம் பாட்டிலில் நான்கு இலையோடு இருந்தது. இரண்டு வருடத்தில் மூன்று மீட்டரைத் தாண்டிவிட்டது. கூரியர் கடையிலும் வங்கியிலும் பணம் சேரும் என்று எல்லாரும் மேசையில் வைக்கிற சாதாரணக் கொடிதான் அது, ஆனால் அப்பாவுக்கு அது சாதாரணக் கொடி இல்லை. நீ விமானம் ஏறிய வாரமே அதைப் பூசை மேசைக்கு மாற்றினார். மகளைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று காரணம். ஜாம் பாட்டில் முன்னோர்கள் முன்னால் மரியாதையாக இல்லை என்று ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி வாங்கி அதில் வைத்தார். கொடி நீள நீள, சுவரில் சின்ன ஆணி அடித்துச் சிவப்பு நூலால் கட்டி, மேற்கு ஜன்னல் பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். நீ மேற்கே இருக்கிறாயாம். பூசை மேசை அவருடைய பகுதி, நான் அந்தப் பக்கம் போவதில்லை, தூசுகூடத் தட்டுவதில்லை. கல்யாணமான புதிதில் நாங்கள் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு அது. நம்பாதவள் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் நம்புகிறவருக்குக் கஷ்டம்.

"இந்த ஜாடில மண்ணா, தண்ணியா?" என்று அதிகாரி கேட்டாள். தண்ணீர் என்றேன். "கடைசியா எப்ப மாத்தினீங்க?" என்றாள். என் கணவர் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ஞாயிறுதோறும் தண்ணீரை மாற்று, வேரைக் கழுவு, ஜாடியின் உள்சுவரை நன்றாகத் தேய், கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும் என்று நீ எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னமும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு பேரும் தினமும் அதைத் தாண்டித்தான் பால் எடுக்கிறோம். அவர் செய்கிறார் என்று நான் இருந்துவிட்டேன். அவரோ ஊதுபத்தி ஏற்றியதும் சின்னத் தேநீர்க் குடுவையால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். ஏனென்றால் பூசை மேசையில் வைத்த பொருளைக் கண்டபடி நகர்த்தக் கூடாது. சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இருபத்துநான்காம் நாள் தெய்வங்களை மேலே வழியனுப்பிய பிறகுதான் அங்கே எதையும் தூக்கலாம், துடைக்கலாம். ஆக உன் செடிக்கு வருடத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய ஜாம் பாட்டிலாக இருந்திருந்தால் உள்ளே நெளிவது கண்ணில் பட்டிருக்கும். பீங்கானில் என்ன தெரியும்.

மேலேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வேர்தான் சுருண்டு கிடந்தது. ஜாடியை இறக்கிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். யார் இறக்குவது? அதிகாரி கோ அத்தையைப் பார்த்தாள். கோ அத்தை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு அடுத்த மாசம் மருமக பிரசவம். நான் தொட மாட்டேன்" என்றார். தலைவி, "நான் இந்த வீட்டுக்காரி இல்ல, எனக்கு உரிமையில்ல" என்றார். அதிகாரியும் கையுறையை மாட்டிக்கொண்டு சும்மாதான் நின்றாள், அவள் வீட்டிலும் ஒரு பூசை மேசை இருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. இன்னொரு நாளாக இருந்தால் நானே எடுத்துக் கவிழ்த்திருப்பேன், யூ-தாங். அன்று கை போகவில்லை. அவர் அங்கே வலைக்குள் படுத்திருக்கும்போது, அவர் செய்யவே மாட்டாத ஒன்றை அவருக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை. அது நம்பிக்கையா என்று கேட்காதே.

கேட்டுட்டு எடுங்க என்று தீர்ப்புச் சொன்னது கோ அத்தைதான். அதாவது பிறைக்கட்டை இரண்டைப் போட வேண்டும், ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைத்தும் விழுந்தால்தான் தெய்வத்தின் சம்மதம். இந்த வீட்டில் நான் அதைக் கையில் எடுத்ததே கிடையாது. இரண்டு சிவப்புக் கட்டைகளையும் நெஞ்சுக்கு நேரே பிடித்து, ஜாடியை எடுக்கலாமா என்று மனதுக்குள் கேட்டுக் கீழே போட்டேன். இரண்டுமே தட்டைப் பக்கம் மேலே. "சிரிக்கிறாங்க" என்றார் கோ அத்தை. "கேள்வி புரியலன்னு அர்த்தம். பேரு, பொறந்த தேதி, வீட்டு நம்பர் எல்லாம் சொன்னீங்களா?" முப்பது வருடமாக இதே வீட்டுப் பூசை மேசையில் இருக்கிறவர்களுக்கு வீட்டு நம்பர் எதற்கு என்றேன். "டீச்சர், உங்க கிளாஸ்ல பேரு எழுதாத பேப்பருக்கு மார்க் போடுவீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். பெயர், தேதி, சந்து, நம்பர், மாடி எல்லாம் சொல்லி மறுபடி போட்டேன். இந்தத் தடவை இரண்டுமே புடைத்த பக்கம் மேலே. கூடாது என்று பொருள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னாள், "மேடம், கட்டை என்ன சொன்னாலும் நான் அந்தத் தண்ணியப் பார்த்துத்தான் ஆகணும்" என்று. தலைவி பெருமூச்சு விட்டார். நான் மூன்றாம் தடவை போட்டேன். இந்தத் தண்ணீர் இப்படியே இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டேன். மறுபடி இரண்டும் புடைத்த பக்கம் மேலே. கூடாது. சரி என்று ஜாடியைத் தூக்கிவிட்டேன். என்ன கேட்டீங்க என்று தலைவி விடாமல் கேட்டார், சொன்னேன். "இது பரீட்சையில பண்ற வேலை டீச்சர். சாமிகிட்டப் பண்றதா?" என்றார். ஆனால் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டது அவர்தான்.

வெள்ளைப் பேசினில் ஊற்றினோம். நாற்பதுவரை எண்ணினேன், பிறகு நிறுத்திவிட்டேன். வருடா வருடம் நான் படமாகக் காட்டுகிற அதே நெளிப்பு, அதே தலைகீழ்த் தொங்கல், சில கூட்டுப்புழுவாகவே மாறிவிட்டிருந்தன. "டீச்சர் வீடுன்னதும் கொசுவும் படிக்க வந்திருச்சு" என்றார் கோ அத்தை, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். தண்ணீரை வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் கொட்டி, ஜாடியைக் கொதிநீரில் தேய்த்தேன். கொடியைச் சுவரிலிருந்து கழற்றுவதற்குச் சிவப்பு நூலை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க வேண்டியிருந்தது, அப்பாவின் முடிச்சு, சாவிக்கடைக்காரர் முடிச்சு, லேசில் வராது. பிறகு கத்தரிக்கோலால் வெட்டினேன். கணுவுக்குக் கொஞ்சம் கீழே, ஒவ்வொரு துண்டிலும் ஒரு வேர் மொட்டும் இரண்டு இலையும் இருக்கிற மாதிரி ஒன்பது துண்டு. மண்ணில் நட்டு அடுக்களை ஜன்னலில் வைத்திருக்கிறேன். ஒரு துண்டு மஞ்சளாகிவிட்டது, எட்டு இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மோசமான நாட்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. அப்பா தனக்குச் சரியாகிவிட்டது என்று எழுந்து உட்கார்ந்து மாட்டிறைச்சி சூப் கேட்டார். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கவனம் வேண்டும் என்று எனக்கும் தெரியும், நர்சுகளுக்கும் தெரியும், மணிக்கொரு தடவை இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சனிக்கிழமை பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் நிற்கவில்லை. தட்டணு முப்பத்தெட்டாயிரம். அன்றுதான் உனக்குச் சொன்னேன். பிள்ளைகளின் மாதத் தேர்வுத் தாள் கட்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், கட்டிலருகே உட்கார்ந்து திருத்தினேன். பிறகு பார்த்தால் ஒரே தாளை இரண்டு தடவை திருத்தியிருக்கிறேன், ஒரு தடவை எழுபத்தொன்று, இன்னொரு தடவை அறுபத்துநான்கு. கூடுதலானதையே வைத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். ஞாயிறு காலை டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, ஐம்பத்திரண்டு, ஏற ஆரம்பிச்சிடுச்சு என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் முகம் கழுவினேன். அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே அப்பா வலைக்குள்ளிருந்து, "செடிக்குத் தண்ணி ஊத்தினியா?" என்று கேட்டார். ஊற்றினேன் என்று சொல்லியிருக்கலாம், பொய்யும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். பிறைக்கட்டை, புழு, பேசின், கத்தரிக்கோல், ஒன்பது துண்டு. மகளுடைய கொடியை வெட்டிவிட்டாள் என்று இந்த நிலையில் மனம் உடைந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் கேட்டார், "கட்டையில என்னன்னு கேட்ட?" சொன்னேன். வலை குலுங்கச் சிரித்தார், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து பார்த்தார். "ஊரே கேள்விக்குப் பதில் தேடுது. இவ பதிலுக்குக் கேள்வி தேடுறா" என்று அவரிடமே சொன்னார். சிரித்து முடித்துவிட்டு, "எங்கப்பா ஃபோட்டோ இப்பத் தெரியுதா?" என்றார். கொடி தாத்தா முகத்தில் பாதியை மறைத்து ஒன்றரை வருடமாகிறதாம், தினமும் காலையில் தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றினாராம். வெட்டிவிட வேண்டியதுதானே என்றேன். "நான் வெட்டினா அது அபசகுனம். நீ வெட்டினா அது சயின்ஸ்" என்றார். இதை அவர் எப்போது யோசித்து வைத்தார் என்று தெரியவில்லை. அதனால் கொடியை வெட்டியதால் உனக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பது இந்த வீட்டில் இரண்டு தரப்பிலும் முடிவாகிவிட்டது.

இனி உன் கேள்வி. ஜாடியில் இருந்த புழுவுக்கு நோய் கிடையாது. அது கொசுவாகி, நோயுள்ள ஒருவரைக் கடித்து, ஒரு வாரம் பத்து நாள் உயிரோடிருந்து, பிறகு அப்பாவைக் கடித்திருக்க வேண்டும். பின் சந்தில் செப்டம்பரிலேயே இரண்டு பேருக்கு வந்திருந்தது. அப்பாவின் கடையோ காலையிலும் விளக்குப் போட்டுச் சாவி வெட்டுகிற இருட்டு, எதிரே சந்தைச் சாக்கடை. கடித்த கொசு எங்கே பிறந்தது என்று எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. உன் ஜாடியிலிருந்தும் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். இல்லவே இல்லை என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் நீ என் மகள், நம்ப மாட்டாய். நான் எழுதக்கூடியது ஒன்றுதான். நீ சரியாக எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனாய். இரண்டு பெரியவர்கள் அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. குற்றம் என்று ஒன்று இருந்தால் அது செடி மேலும் இல்லை, உன் மேலும் இல்லை.

அங்கே நீ வாங்கியிருக்கிற கொடியைத் தூக்கிப் போடப் போவதாக எழுதியிருந்தாய். போடாதே. உன் குளிரில் இந்தக் கொசு பிழைக்காது. தண்ணீரில் வைத்திருந்தால் வாரம் ஒரு தடவை மாற்று, மாற்ற முடியாத வாரங்கள் வரும் என்று தெரிந்தால் மண்ணுக்கு மாற்றிவிடு, மண்ணில் வைத்தால் விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்த பிறகு ஊற்று, தினமும் ஊற்றி அழுகவிடாதே. குளிர்காலத்தில் ஜன்னலோரமாக வை, ஆனால் சூடேற்றும் குழாய்க்கு மேலே வைக்காதே, இலை நுனி கருகும். அடிப்பக்கம் மொட்டையாகி நுனியில் மட்டும் இலை இருந்தால் பாவம் பார்க்காமல் வெட்டி அதே தொட்டியில் நடு, அடர்த்தியாக வரும். வெட்டும்போது சாறு கையில் பட்டால் அரிக்கும், உடனே கழுவு. உன் அறைத்தோழியின் பூனைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடு, கடித்தால் வாயெல்லாம் புண்ணாகும். மாதம் ஒரு தடவை ஈரத் துணியால் இலையைத் துடை. நான் இதுவரை யாருடைய செடிக்கும் இவ்வளவு எழுதியதில்லை.

பார்சலில் உலர்ந்த லோங்கான் பழமும் பொரித்த சின்ன வெங்காயமும் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும் இருக்கின்றன. வைட்டமின் டி மாத்திரையை நினைவாகச் சாப்பிடு, வெளிச்சம் குறைந்துவிட்டது என்று நீயே சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய், ஆனால் அப்பாவிடம் அழாதே, அவர் உடனே ஏதாவது வேடிக்கை செய்தாக வேண்டும் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆசீர்வாதம் எழுதுவது எனக்குக் கை வராத காரியம். விழித்தவுடன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உடம்பு நல்லாயிருக்கட்டும், கூட வேலை செய்யறவங்க நல்லவங்களா அமையட்டும், ராத்திரி தனியாச் சைக்கிள்ல வராம இருக்கட்டும். கடைசியில் சொன்னது ஆசீர்வாதமா கட்டளையா என்று தெரியவில்லை, இரண்டாகவும் எடுத்துக்கொள்.

உன் நலமே வேண்டும்,
அம்மா
பெய்-ஜுன்

அக்டோபர் 15, புதன்

நேற்று எழுதி முடிப்பதற்குள் தபால் நிலையம் மூடிவிட்டதால் இந்தக் கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. இன்று நடந்ததைச் சேர்த்துவிடுகிறேன். காலை பத்தரைக்கு அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பதினொரு மணிக்குச் சுவாங் அக்காவும் கோ அத்தையும் வந்தார்கள், ஒரு வாரம் கழித்து மறுசோதனை செய்வது விதி. பூசை மேசையில் ஈரமான பொருள் ஒன்றுமில்லை. பால்கனி சரி. அப்பா சோபாவில் சாய்ந்தபடி, அடுக்களையையும் பாத்துட்டுப் போங்க என்றார். போன தடவை அடுக்களை வாசலிலேயே நான் நின்றுகொண்டு, இங்கே நானே தினமும் துடைக்கிறேன் என்று சொன்னதும் அவர்கள் மரியாதைக்காக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டதை உனக்கு எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. இன்று கோ அத்தை குனிந்து, பாத்திரம் உலர்த்தும் பெட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை இழுத்தார். அப்படி ஒரு தட்டு வெளியே வரும் என்பதே எனக்குத் தெரியாது. விரல் கணு அளவுக்குத் தண்ணீர். அதில் பதினேழு. இந்தத் தடவை முழுக்க எண்ணினேன். யாரும் சிரிக்கவில்லை. கோ அத்தை தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார், சுவாங் அக்கா தாளில் குறித்துக்கொண்டார். அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, "கடிதாசிய ஒட்டிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இதையும் எழுது. பொண்ணு அங்க செடியப் பாத்துப் பாத்து அழுதுட்டிருக்கா" என்றார். எழுதிவிட்டேன்.